வாசலில் காயப்போட்ட வேப்பிலை

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வேப்பிலை பறித்துவர வேண்டும்.

அரிசி மூட்டையில் வண்டு. சாயந்திரம் என் மகள் கவிதாவைப் பெண் பார்க்க ரிஷிவந்தியத்திலிருந்து வருகிறார்கள். எத்தனையோ ஜாதகம் தட்டிப்போய், இதுதான் பொருந்தி வந்தது. கவிதாவுக்கும் போட்டோ பிடித்திருந்தது.

"புடிச்சுப்போச்சுன்னா அடிக்கடி வருவாங்க, ஆக்கிப் போடணும். சம்மந்தி எலையில வண்டு கெடந்தா மானம் போயிடும். வேப்பிலை பறிச்சி, காயவச்சி, மூட்டையில போடு" என்று சொல்லிவிட்டு, மகளோடு கள்ளக்குறிச்சிக்குப் பூ வாங்கப் போனாள் என் மனைவி இந்திரா.

நான் ஜவ்வரிசி ஆலையில் ராத்திரி வாட்ச்மேன். பகலில் படுத்தால் தூக்கம் வராது. போனில் உடம்பைப் பற்றி எதையாவது படித்துக் கிடப்பேன். உடம்புக்குள்ளேயும் வாட்ச்மேன்கள் உண்டாம், ரத்தத்தில். ஒரு தடவை நுழைந்த கிருமியின் முகத்தை வருஷக்கணக்கில் மறக்கமாட்டார்களாம். நான் ஆலை முதலாளியையே அடையாளம் தெரியாமல் கேட்டில் நிறுத்தியவன்.

இலை இலையாக உருவப் பொறுமை இல்லை. பெரிய கொத்தாக ஒடித்தேன். மழையில் நனைந்திருந்தது. வெயிலும் காற்றும் சேர்ந்து வரும் இடம் வாசல்தான். நிலைக்கு மேலே ஆணியும் இருந்தது. கட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

என்றைக்கும் வராத தூக்கம் அன்றைக்கு வந்தது!

எழுந்து பார்த்தால் தெருவில் சத்தமே இல்லை. வாசலில் ஒரு சொம்பு கூழ். பக்கத்தில் இரண்டு இளநீர். எதிர்வீட்டு செல்வி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"வெளிய வராதப்பா! ஆத்தா கோச்சிக்கும்!"

"இன்னாக்கா ஆச்சி?"

"மூஞ்சிய கண்ணாடில பாரு!"

பார்த்தேன். ஆலைத் தொட்டிக் கொசு விடிய விடியக் கடித்ததில், நெற்றியிலிருந்து கழுத்துவரை சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

"இது கொசு கடி அக்கா!"

"ஆத்தாவப் போயி கொசுன்ற! கன்னத்துல போட்டுக்க!"

போட்டுக்கொண்டேன். அரித்தது.

"பொண்ணு பாக்க வந்தவங்க சீக்கிரமே வந்துட்டாங்க. வேப்பிலையப் பாத்ததும் தெருவுலயே நின்னுட்டாங்க. நான்தான் ஜன்னல்ல எட்டிப் பாத்து, பொண்ணோட அப்பாவுக்கு மூஞ்சி பூரா முத்து போட்டிருக்குன்னு சொன்னேன். பஸ் ஸ்டாப்புக்குப் போயிக்கினு இருக்காங்க."

லுங்கியோடு ஓடினேன். தெருவே ஒதுங்கி வழிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமா. என்னைப் பார்த்ததும் அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே! தெரியாம வந்துட்டோம்!"

"அம்மை இல்லீங்க, கொசு கடி! தடிப்புகூட கொசு போட்டது இல்ல, நம்ம உடம்பு போட்டது. கொசு எச்சில் உள்ள போனதும் நம்ம வாட்ச்மேனுங்க விசில் ஊதறானுங்க!"

"உள்ள யாரு விசில் ஊதறது?" என்றார் தாய்மாமா.

"ஜுரம் ஜாஸ்தியாயிட்டுது போல" என்றார் அந்தம்மா.

"எனக்கு நாலாவது படிக்கும்போதே அம்மை போட்டாச்சிங்க. ஒருதடவ வந்தா மறுபடி லேசுல வராது. உள்ள இருக்கறவன் ஞாபகம் வச்சிருந்து அடிச்சிடுவான்!"

அதுவரை பேசாத மாப்பிள்ளை கேட்டார். "அப்போ அக்கி மட்டும் எப்படி மாமா வருது?"

மாமா! எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னிடம் அக்கறையாகக் கேள்வி கேட்ட முதல் மனிதர்.

"நல்லா கேட்டீங்க மாப்ள! அம்மைக் கிருமிதான் அக்கியும். நரம்புல ஒளிஞ்சிக்கினு கெடக்கும். வயசாயி காவல் கம்மியானா வெளிய வரும்."

தாய்மாமா ஒரு அடி பின்னால் போனார். "அப்போ உள்ள இருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க!"

படித்ததைப் போனில் காட்டலாமென்று லுங்கி மடிப்பைத் தடவினேன்.

அந்த நேரம் பார்த்து பஸ்ஸிலிருந்து பூவோடு இந்திராவும் கவிதாவும் இறங்கினார்கள்.

"இன்னாய்யா பண்ண?"

"வேப்பிலைய வாசல்ல காயப்போட்டேன்."

அவளுக்கு விளங்கிவிட்டது. என் மூஞ்சியைப் பார்த்தாள், கும்பிட்டு நின்ற அந்தம்மாவைப் பார்த்தாள்.

"அவருக்குத் தலைக்கு மூணு தண்ணி ஊத்தினதும் சொல்லியனுப்பறோங்க. கட்டாயம் வரணும்."

"வராம? ஆத்தா இருக்கற வூடாச்சே!"

"இந்திரா, எனக்குத்தான் ஒண்ணும்..."

"வாய மூடிக்கினு நட!"

நடந்தேன். வேப்பிலைப் படுக்கை, ஷேவிங் கூடாது, தாளித்த வாசனை கூடாது. முதலாளியே போன் செய்து வராதே என்றார். கொசு கடி மறுநாளே வற்றிவிட்டது. ஆனாலும் ஆத்தா இறங்கும்வரை ஆரோக்கியமாகப் படுத்துக் கிடந்தேன்.

மூன்றாம் தண்ணி ஊற்றியதும் வந்தார்கள். பேசி முடித்தாயிற்று. "கேள்வி கேக்கறாருப்பா, புடிச்சிருக்கு" என்றாள் கவிதா. ஆசையாகப் பந்தி போட்டோம்.

தாய்மாமா சோற்றைப் பிசைந்தவர் நிறுத்தினார். எதையோ விரலில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"ஏங்க, அரிசில கொஞ்சம் வேப்பிலை போட்டு வைக்கக்கூடாதா?"