வாசலில் வேப்பிலை கட்டிய பி.ஏ.

"...இந்தாளு பொட்டியத் தூக்கிகினு வந்து ஊடு ஊடா கையக் கீறி அவளக் கூப்புடுறாரு. கூப்ட்டா வராம இருப்பாளா? எம் பொண்ணக் காட்டமாட்டேன் நைனா" என்று கன்னியம்மா அத்தை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

வெள்ளைக்காரன் காலம். எங்கும் பெரியம்மை. செம்பரம்பாக்கத்தில் இரண்டு குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டது. அத்தை அதை நோய் என்று சொல்லமாட்டாள்; 'அவள்' என்பாள், அம்மன் என்று அர்த்தம். அத்தையின் மகள் வள்ளிக்கு நாலு வயது. அம்மை குத்துகிறவர் வந்தாலே அத்தை அவளை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்துவிடுவாள். கரையான்சாவடியில் எங்கள் தெரு முழுக்க அத்தை சொல்வதுதான் சட்டம்.

நானோ பட்டணத்துக் காலேஜில் சேர்ந்து எட்டு மாதம் ஆனவன். (விஞ்ஞானம் என்ற வார்த்தையை உச்சரிக்க மட்டும் நன்றாகக் கற்றிருந்தேன்.) அம்மை குத்திய சீட்டோடு வா என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். ஊரிலேயே, எல்லோர் முன்னாலும் குத்திக்கொண்டு வழிகாட்டுவது என்று முடிவு செய்தேன்.

"சரி, நீ குத்திக்கோ. எட்டு நாள் பாக்கறோம். அப்பறம் சொல்றேன்" என்றாள் அத்தை.

அம்மை குத்துகிறவர் என் கையில் இரண்டு இடத்தில் கீறி மருந்து தடவினார். ஏதோ விளக்கமும் சொன்னார். எனக்கு அதைக் கேட்க எங்கே நேரம்? நான் தெருவைப் பார்த்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். (கண்ணில் தண்ணீர் வந்தது வேறு விஷயம்.)

ஏழாம் நாள் உடம்பு கொதித்தது. கையைப் பார்த்தேன். முத்து முத்தாய் இரண்டு கொப்புளம்! எட்டு மாதப் படிப்பும் ஒரே மூச்சில் இறங்கிப் போய்விட்டது.

"அத்தே, அவ வந்துட்டா!"

வாசலில் வேப்பிலை கட்டச் சொன்னது நான். வீட்டில் தாளிக்கக் கூடாது, யாரும் தலை வாரக் கூடாது என்றதும் நான். ஆடியில் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டேன். வேப்பிலையைப் பார்த்த தெரு, பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியது. இனி யார் கையை நீட்டுவார்கள்?

மறுநாள் அம்மை குத்துகிறவர் வந்தார். வேப்பிலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார்.

"யாருக்கும்மா?"

"எல்லாம் நம்ம காலேஜுக்குத்தான்" என்று அத்தை என்னைக் காட்டினாள்.

என் கையைப் பார்த்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இப்படி எழும்பினாத்தாம்மா மருந்து பிடிச்சுதுன்னு அர்த்தம். காய்ச்சலும் வரும்னு அன்னைக்கே சொன்னேன். தம்பி எங்க கேட்டாரு?"

அத்தை கிட்டே வந்தாள். என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். முகம், வயிறு, உள்ளங்கால் வரை பார்த்தாள். எங்கும் ஒன்றுமில்லை. அதற்குள் தெரு திரும்பவும் கூடிவிட்டது.

"ரெண்டே ரெண்டு. வெச்ச எடத்துலயே குந்திகினு கீது. அவ வந்திருந்தா இவ்ளோ அடக்கமா நிப்பாளா?" என்றாள்.

நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். (இன்றும் வீட்டில் நான் விஞ்ஞானம் பேச வாயெடுத்தால், "வேப்பல ஒடிச்சாரட்டுமா?" என்று எவராவது கேட்காமல் இருப்பதில்லை. தழும்பு இரண்டும் அப்படியே இருக்கின்றன. தடவிப் பார்த்தால் அந்தத் தெருவே கண்முன் வருகிறது.)

போர்வை ஓட்டை வழியாகப் பார்த்தேன். அத்தை உள்ளே போனாள். வள்ளியைத் தூக்கி வந்து, வாசற்படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். மறு கையை, முதலில் தனக்கென்று, அவரிடம் நீட்டினாள்.