கேஸ் என்று எழுதினேன், வழக்கு என்று படித்தீர்கள்

காக்ஸ் டவுன், பெங்களூரு
வியாழக்கிழமை

குடியாத்தத்தில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் திருமிகு மதியழகன் அவர்கள் சமூகத்துக்கு, சம்பந்தி என்று எழுத வாய் வந்தும் கை வராத குணசேகர் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி செண்பகமும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். எங்கள் மகள் தமயந்தி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆகையால் அவளுடைய நலத்தை அவள் அம்மா வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

பதினேழு தடவை போன் செய்தும் தாங்கள் எடுக்காததால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து கிழிக்காமல் கடைசி வரை படிக்கவும். ஞாயிற்றுக்கிழமை தாம்பூலம் மாற்ற நாங்கள் குடியாத்தம் வருவதாக இருந்தது அல்லவா, அதற்கு முந்தின நாள் சிவாஜிநகரில் தட்டுவரிசைத் துணி எடுக்கப் போனோம். செண்பகம் பதினோராவது கடை ஏறும்போது எனக்குப் பசி தாங்கவில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று ஆறு முட்டை பஜ்ஜி சாப்பிட்டேன். நாலு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், தாங்களும் அப்படியே வைத்துக்கொள்ளவும். அன்று மாலையே வயிறு ஊதி, சட்டைப் பித்தான் ஒன்று தெறித்து, டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போய்விட்டது. அந்த அவஸ்தையில் கண்ணாடியும் இல்லாமல் தங்களுக்கு நான் வாட்ஸப்பில் அனுப்பிய செய்தியை இப்போது திரும்பப் படித்தால் எனக்கே குலை நடுங்குகிறது.

"பழைய கேஸ் மறுபடியும் கிளம்பிவிட்டது. நாளை வர முடியாது. இருபது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் அப்பாவுக்கும் இருந்தது, கடைசி வரை விடவில்லை. எப்போது வெளியே வரும் என்று தெரியவில்லை. வந்ததும் தெரிவிக்கிறேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், வெட்கமாக இருக்கிறது."

ஐயா, நான் சொன்னது வயிற்றில் இருக்கிற கேஸ். கோர்ட்டில் இருக்கிற கேஸ் இல்லை. தாங்கள் நாற்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர், வீட்டில் ஒரு ஆங்கிலச் சொல் நுழைந்தால் செருப்போடு வந்தவனைப் போல் வாசலிலேயே நிறுத்திவிடுவீர்கள் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அந்த வழக்கப்படி என் கேஸையும் நல்ல தமிழில் வழக்கு என்று மொழிபெயர்த்துத் துணைவியாருக்குப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். தங்கள் பதிலும் வந்தது, "வழக்கு உள்ள இல்லத்தில் பெண்ணெடுப்பது எம் குடிக்கு வழக்கம் இல்லை" என்று. எதுகையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டுத் தமயந்தி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று, "பாப்பா, அப்பா மேல கோவமா?" என்று கேட்டேன். "நீங்க உங்க வயித்த மட்டும் பாத்துக்குங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மெட்ரோவில் வைட்ஃபீல்ட் போய்வரும்போது தினமும் எதிர் எதிரே நின்று, ஏழு மாதம் பேசாமல் இருந்து, எட்டாவது மாதம் பேசின பிள்ளைகள் ஐயா இவர்கள். அந்தக் கல்யாணம் ஆறு பஜ்ஜியால் நின்றது என்று நாளைக்கு நாலு பேர் சொன்னால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்?

வழக்கு இல்லை என்பதற்கு அத்தாட்சி இருந்தால் தாங்கள் நம்புவீர்கள் என்று திங்கட்கிழமை காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். என் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று ஒரு காகிதத்தில் எழுதி முத்திரை குத்தித் தரச் சொன்னேன். அங்கிருந்த ஏட்டையா என்னை மேலும் கீழும் பார்த்து, "கேஸ் இல்லதெ இல்லிகெ யாக்ரீ பந்த்ரி?" என்றார். கேஸ் இல்லாமல் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று அர்த்தம், நியாயமான கேள்விதான். எனக்குக் கேஸ் இருக்கிறது, ஆனால் அந்தக் கேஸ் இல்லை என்றேன். எந்த ஸ்டேஷன் எல்லையில் என்று கேட்டார். தொப்புளுக்கு மேலே என்று காட்டினேன். அதற்கு மேல் அங்கே நிற்பது உசிதமில்லை என்று எனக்கே தோன்றி வந்துவிட்டேன். அங்கிருந்து டாக்டரிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே சர்டிபிகேட் எழுதிக் கையில் கொடுத்து, "உங்களுது நாள்பட்ட கேஸ் கேஸ் சார்" என்றார். இதைத் தங்களுக்கு அனுப்பினால் ஒன்றுக்கு இரண்டு வழக்காகிவிடும் என்று சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை செண்பகத்தையும் அழைத்துக்கொண்டு மாடி வீட்டு ரெமிஜியஸ் சாரிடம் போய் முறையிட்டேன். அவர் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர், ஒரு கேள்வி கேட்டால் ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் காப்பி கொடுப்பார். அவர் சொன்னது இது. ஏறக்குறைய நானூறு வருடத்துக்கு முன்னால் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் ஒரு வைத்தியர் இருந்தாராம். கரியை எரித்தால் ஏதோ ஒன்று வருகிறது, அது கண்ணுக்கும் தெரிவதில்லை, பாத்திரத்திலும் அடங்குவதில்லை, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்திருக்கிறார். (கண்ணுக்குத் தெரியாது, அடங்காது என்றதும் செண்பகம் தலையை ஆட்டினாள், அவளுக்கு இருபது வருட அனுபவம்.) கிரேக்கத்தில் கேயாஸ் என்று ஒரு சொல், வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும் வெறும் பள்ளம் என்று ஆதியில் பொருளாம், பிறகு பெருங்குழப்பம் என்று ஆயிற்றாம். அந்த ஊர்க்காரர்கள் அடித்தொண்டையில் சொல்லிப் பார்த்ததில் அதுவே கேஸ் ஆகிவிட்டது. கோர்ட்டுக் கேஸ் வேறு ஜாதி. அது லத்தீனில் விழுவது என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். ஆக ஒன்று குழப்பம், இன்னொன்று விழுவது. முதலாவதில் இருந்தவன் இரண்டாவதில் விழுந்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து வைத்திருக்கிறான். கன்னடக்காரரும் வைத்திருக்கிறார். நம்மிடம் இரண்டுக்கும் ஒரே ககரம். எனவே பிழை என்னுடையது அல்ல, தமிழ் நெடுங்கணக்கினுடையது என்று ரெமிஜியஸ் சார் சொன்னார். தங்களுக்குக் கோபம் வரும் என்று அதை நான் எழுதவில்லை. வாயு என்று எழுதியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். வாயு வடசொல் என்று சண்டைக்கு வருவீர்கள். வளி என்று எழுதினால் வலி என்று படித்து நெஞ்சுவலிக்காரன் வீட்டில் சம்பந்தமா என்று கேட்டிருப்பீர்கள். நான் கோலார் தங்க வயலில் இருபத்தைந்து வருடம் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்தவன். ஆறாயிரம் அடி ஆழத்தில் வெடி வைத்த பிறகு ஒருவன் "கேஸ்" என்று கத்தினால் அத்தனை பேரும் எங்களை மேலே ஏற்றும் கூண்டை நோக்கி ஓடுவோம். ஒருவன்கூட வக்கீலை நோக்கி ஓடியதில்லை. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பது அகராதியில் இல்லை ஐயா, அது காதில் விழுந்ததும் மனிதர் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பதில்தான் இருக்கிறது.

இதை நேற்றுக் கண்ணாரக் கண்டேன். தங்களை நேரில் பார்த்து இரண்டு கேஸுக்கும் உள்ள வித்தியாசத்தை வாயாலேயே காட்டிவிடலாம் என்று, அந்த வைத்தியர் ஊர் உச்சரிப்பை ரெமிஜியஸ் சார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அடிவயிற்றிலிருந்து எடுத்துத் தொண்டையில் உரசி விட வேண்டுமாம். மொட்டை மாடியில் நின்று நானும் அவரும் மாறி மாறி "கேஸ், கேஸ்" என்று பத்து நிமிடம் சாதகம் செய்திருப்போம். எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க ஜனம். வீட்டுக்காரம்மா அனந்தலக்ஷ்மி தலையில் பாதி சாயத்தோடு, கையில் அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரோடு நடுத்தெருவில் நிற்கிறார். அவர் போன் செய்து தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. வந்த வண்டி எங்கள் சந்தில் திரும்ப முடியாமல் பின்னால் போனதில் அவருடைய இரும்புக் கேட்டு சாய்ந்து, அவருடைய ஸ்கூட்டர் மேலேயே விழுந்தது. வண்டியிலிருந்து இறங்கியவர் என்னிடம் ஓடிவந்து, "கேஸ் எல்லிதெ?" என்றார். எங்கே இருக்கிறது என்று கேட்கிறாரே, பொய் சொல்லலாமா? வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

அனந்தலக்ஷ்மி அம்மாள் குக்கரைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் சார், நீங்க வாடகைக்கு வந்தீங்களா, நாடகத்துக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். தீயணைப்புக்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். விஷயம் அதோடு முடிந்தது. ஐயா, கோயிலில் சூடம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன், எழுபது வயது வரைக்கும் என் மேல் ஒரு கேஸ் கிடையாது, என் பரம்பரையில் எவர் மேலும் கிடையாது. ஸ்டேஷன் படியைச் சர்டிபிகேட் கேட்கத்தான் மிதித்தேன். இந்த ஒன்றை நம்பிப் பிள்ளைகளைச் சேர்த்து வையுங்கள். முகூர்த்தத்தன்று நான் பஜ்ஜி பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். தங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும், வயிறு ஊதாமலும், வாசலில் காக்கிச்சட்டை நிற்காமலும் எல்லா வளமும் பெருக வேண்டுமென்று வாழ்த்தும்,

தங்கள் அன்புள்ள,
க. குணசேகர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வாசலில் காக்கிச்சட்டை வந்து நின்றது, அதே ஏட்டையா. அனந்தலக்ஷ்மி அம்மாள் கேட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் சேர்த்து என் மேல் புகார் கொடுத்துவிட்டார். "ஈக கேஸ் இதெ, பன்னி" என்றார், இப்போது கேஸ் இருக்கிறது வாருங்கள் என்று. ஆகவே மேலே ஒரு கேஸும் கிடையாது என்று எழுதிய இடத்தில் எல்லாம் ஒன்று உண்டு என்று திருத்திப் படிக்கவும். அந்த அதிர்ச்சியில் வயிற்றில் இருந்தது சுத்தமாகப் போய்விட்டது. இருந்தபோது கேஸ் இல்லை, கேஸ் வந்தபோது கேஸ் போய்விட்டது, எது எது என்று தாங்களே பிரித்துக்கொள்ளவும். ஜாமீனுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ரெமிஜியஸ் சார் காப்பி போடுகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. வைட்ஃபீல்டிலிருந்து தமயந்தியோடு ஓடிவந்து கையெழுத்துப் போட்டது தங்கள் மகன் இளஞ்சேரன்தான். என்ன உறவு என்ற கட்டத்தில் மாமனார் என்று அழகான தமிழில் எழுதினார், ஏட்டையா அதைக் கன்னடத்திலும் பதிந்துகொண்டார். ஸ்டேஷன் பதிவேட்டில் ஏறியதை யாராலும் அழிக்க முடியாதாம். தமயந்தி என்னைப் பார்த்து, "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். ஆகவே வழக்கு உள்ள இல்லம்தான் சம்பந்தி, தேதி பார்த்து எழுதவும்.