ஏழாம் நம்பரின் ரத்தம்

ஏழாம் நம்பர் குரங்கின் ரத்தக் குப்பி கை நழுவி உடைந்ததும், லேப்காரர் தரையைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார்.

"இன்னொரு தப்பு நடந்தா நீ கூண்டு கழுவத்தான் போகணும்" என்று மருத்துவர் போன வாரம்தான் எச்சரித்திருந்தார். நோயில்லாத குரங்கின் ரத்தத்தில் எது எவ்வளவு இருக்கவேண்டும் என்று அவர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தார். குரங்கு வாடை மட்டும் அவருக்கு ஆகாது. கூண்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். எண்களிலேயே குரங்கு வளர்த்தார். அதில் ஏழாம் நம்பர் அவருடைய செல்லம்.

"இதுதான்யா குரங்கு. மத்ததுக்கெல்லாம் இதுதான் அளவுகோல்" என்பார்.

குரங்குகளைப் பார்த்துக்கொண்டு ரத்தமும் எடுத்து அனுப்பும் கூண்டுக்காரரிடம் இன்னொரு குப்பி கேட்டால் ஊருக்கே தண்டோரா போட்டுவிடுவார். கடையில் சரக்கு தீர்ந்தால் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லையா? லேப்காரர் சட்டைக் கையை மடித்தார். தன் ரத்தத்தையே எடுத்து, 'ஏழு' என்று ஒட்டினார்.

முடிவைப் பார்த்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னய்யா இவ்வளவு கொழுப்பு? குரங்கு எண்ணெயில பொரிச்சுத் திங்குதா?"

"மெஷின் தப்பா இருக்கலாம் சார்."

"மெஷின் தப்பா, நீ தப்பா?"

"குரங்குதான் சார் தப்பு."

"அப்ப மறுபடி எடு."

இனி நிஜக் குரங்கின் ரத்தம் வந்தால் கொழுப்பு ஒரேயடியாக இறங்கி, குட்டு வெளிப்பட்டுவிடும். கொழுப்பு சற்றுக் குறைந்த ஆள் வேண்டும். வீட்டுக்குப் போய் மனைவியைக் கை நீட்டச் சொன்னார்.

"கட்டின நாள்லேர்ந்து உறிஞ்சினது போதாதா? என் தம்பி சும்மாதானே உக்காந்திருக்கான். அவன்கிட்ட எடுங்க."

மச்சான் ஒல்லி. குடியை விட்டுவிட்டதாக அக்காவின் தலைமேல் சத்தியம் செய்தவன்.

"சுத்தமான ரத்தம் மாமா" என்று கையை நீட்டினான்.

கொழுப்பு இறங்கியிருந்தது. கல்லீரல் கணக்கோ கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

"குடிகாரன் ஈரல்யா இது" என்றார் மருத்துவர். "நாளைக்குக் காலையில மேஜையில படுக்கப்போடு. வயித்தைக் கீறி ஈரல்ல ஒரு துண்டு எடுத்துப் பாத்துடுவோம்."

வேலை போனால் போகட்டும். மச்சான் குடித்ததற்கு ஒரு வாயில்லாப் பிராணியின் வயிறு கிழிபடுவதா? லேப்காரர் கூண்டுக்காரரைத் தேடிப் போய், ஒன்று விடாமல் கொட்டிவிட்டார்.

"நாளைக்கு ஏழாம் நம்பரைக் குடுத்துடாதீங்கண்ணே. அதுக்கு ஒரு சீக்கும் இல்ல."

கூண்டுக்காரர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏழாம் கூண்டைத் திறந்து காட்டினார். உள்ளே வாளிகள் அடுக்கியிருந்தன.

"அது ஓடிப்போய் வருஷமாச்சு தம்பி. டாக்டர் மெச்சுற ரத்தம் என்னோடது. நாளைக்கு மேஜையில யாரு படுக்கிறது, நானா, உங்க மச்சானா?"