நெருப்புருண்டைக்கு ஓர் அனுமதிப் படிவம்

முப்பத்துநான்கு வருட அரசாங்க சேவையில் நான் சொந்தமாக இயற்றிய சட்டம் ஒன்றே ஒன்றுதான். அது அமுலுக்கு வந்த முதல் அரை மணித்தியாலத்தில் மூன்று பேர் கருகி இறந்தார்கள். நல்ல வேளையாக மூவரும் காகிதத்தில் மட்டுமே உயிரோடு இருந்தவர்கள். உண்மையில் சாகப் பார்த்தது என் கலியாணம்தான்.

சண்டைக் காலம். மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். வாவிக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரைக்கு, பற்றரியோ மண்ணெண்ணெயோ யூரியாவோ எது போவதென்றாலும் அனுமதி வேண்டும். அந்தப் படிவங்கள் முதலில் வந்து விழுவது என் மேசையில். (விழுந்தவை எழும்புவது அபூர்வம்.) வயது இருபத்தெட்டு. படிவத்தை விடப் பெரிய கண்டுபிடிப்பு உலகத்தில் இல்லை என்று உண்மையாகவே நம்பினேன்.

என்னோடு வேலை செய்த யோகனுக்கு லண்டனிலிருந்து தமையன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே ஒரு தடித்த விதிப்புத்தகமும் இருபது முகம் கொண்ட தாயக்கட்டைகளும். (சென்றி என்கிற சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் ஒரு கட்டையை உருட்டிப் பார்த்தான். இருபது விழுந்தது. சந்தோசமாகப் போகவிட்டான்.) ஒருவர் நடுவராக இருந்து குகை, பூதம், புதையல் எல்லாவற்றையும் வாயால் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, தாங்கள் செய்யப் போவதைச் சொல்லிக் கட்டையை உருட்டுவார்கள். விழுகிற இலக்கத்தைப் பொறுத்துப் பிழைப்பார்கள் அல்லது சாவார்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று கணக்கு உண்டு, அது தீர்ந்தால் ஆள் சரி. ஹர்த்தால் நாட்களில் கடை, கந்தோர் எல்லாம் பூட்டு. யோகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடினோம்.

யோகன் போர்வீரன். அவனுடைய தங்கை மலர் மந்திரவாதி. பகலில் கணித ஆசிரியை. ஆள் குறைகிறது என்று அவர்களின் அம்மாவையும் இழுத்து வைத்தியப் பூசகர் ஆக்கினோம். விதிகளை வாசிக்கும் பொறுமை எனக்கு மட்டுமே இருந்ததால் நான் நடுவர். இன்னொரு காரணமும் உண்டு. மலருக்கும் எனக்கும் சாதகம் பொருந்தியிருந்தது. எங்கள் பகுதி வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். ஆகவே அந்த மேசையில் நான் கழித்தது தகுதிகாண் காலம். நிரந்தரமாக்க வேண்டியவர் படுவான்கரைப் பக்கம் கரடியனாற்றில் வயல் செய்யும் அவர்களின் தாய்மாமன்.

சிக்கல் மந்திரவாதியால் வந்தது. தொடக்கத்தில் அவளுக்கு நாளுக்கு ஒரு மந்திரம்தான். எலி கடித்தாலே சாகிற உடம்பு. யோகன் முன்னால் நின்று காப்பாற்றினான். போகப் போக அவளுக்கு நெருப்புருண்டை எறியும் தகுதி கிடைத்தது.

"மச்சான், இது சரிவராது," என்றான் யோகன். "நான் வாளை உருவுறதுக்குள்ள இவள் பத்துப் பேரை எரிச்சுப்போட்டு நிக்கிறாள். இவளுக்குச் சாக்குத் தூக்கவா நான் வந்த?"

"முதல்ல நீ என்னக் காப்பாத்தின. இப்ப நான் உன்ன. கணக்குச் சரிதானே?" என்றாள் மலர்.

மாமியின் சிக்கல் வேறு. (கலியாணம் முடியும் முன்னரே நான் அவரை மாமி என்றுதான் கூப்பிட்டேன். முற்பணம் மாதிரி.) காயப்பட்டது எதுவானாலும் குணமாக்கிவிடுவார், யோகன் வெட்டிய பூதம் உட்பட. "பாவம் மகன், அதுக்கும் நோகும்தானே?"

மலரே ஒரு வழி சொன்னாள். "நான் ஒவ்வொரு மந்திரம் போடக்குள்ளயும் எண்ட உயிர்ப்புள்ளியில ரெண்டு கழியட்டும். மறுகா நானே யோசிச்சுத்தான் போடுவன்."

ஒரே வரி. உபபிரிவு இல்லை, அட்டவணை இல்லை. இதெல்லாம் ஒரு சட்டமா? நான் ஒரு வாரம் உட்கார்ந்து பத்தொன்பது பக்கம் எழுதினேன். அழிக்கும் மந்திரம் போட விரும்பும் மந்திரவாதி மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும், கறுப்பு மையில். போர்வீரன் சிபாரிசு செய்ய வேண்டும். குணமாக்கும் மந்திரம் அத்தியாவசிய சேவை, அதற்கு விலக்கு. வருங்கால மைத்துனனுக்கு அதிகாரம், வருங்கால மாமிக்குச் சலுகை. இதை விடச் சமநிலை எங்கே இருக்கிறது? (மணப்பெண் ஒருத்தி மிச்சம் இருப்பது கவனத்துக்கு வரவில்லை.)

சட்டம் அமுலுக்கு வந்த அன்று தாய்மாமனும் வீட்டில் இருந்தார். சம்பந்தம் பேச வந்தவர், திடீர் ஹர்த்தாலால் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார். வெற்றிலை போட்டபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலைக் கனமாக்கி, குகைக்குள் இருந்து டிராகனை எழுப்பினேன். யோகன் வெட்டினான். நல்ல வெட்டு, டிராகனுக்கு இரண்டே புள்ளி மிச்சம்.

"நெருப்புருண்டை," என்றாள் மலர்.

"படிவம்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதி நீட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தேன்.

"இலக்கின் நிரந்தர முகவரி நிரப்பப்படவில்லை."

"டிராகன். நமக்கு முன்னால. வாயத் துறந்துகொண்டு நிக்கிது."

"அது தற்காலிக முகவரி."

அவள் 'குகை' என்று எழுதினாள். யோகன் சிபாரிசு செய்து கையொப்பம் வைத்தான். நீலப் பேனையால். நான் திருப்பிக் கொடுத்தேன். வீடு முழுக்கக் கறுப்புப் பேனை தேடினார்கள். அதற்குள் மாமி, "ஐயோ, ரெத்தம் வடியுதே," என்று அனுமதி தேவைப்படாத தன் மந்திரத்தால் டிராகனை முழுதாகக் குணமாக்கினார். டிராகன் நெருப்பை ஊதியது. மூவரும் முடிந்தார்கள்.

"எட கடவுளே, நல்லது செய்தன்தானே மகன்?" என்றார் இறந்துபோன மாமி.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "தம்பி, இந்தச் சட்டமெல்லாம் எங்க படிச்ச நீங்க?"

பாராட்டு என்று நினைத்தேன். "எல்லாம் எண்ட மேசையிலதான் மாமா. படுவான்கரைக்குச் சாமான் போற படிவம் ஒண்டும் எண்ட கைபடாமப் போகாது."

மாமா மடியிலிருந்து நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். மூன்று மூடை யூரியாவுக்கு அனுமதி கேட்டு எழுதியது. மூலையில் சிவப்பு மையில்: 'நீல மை. திருப்பி அனுப்பப்படுகிறது.' கீழே என் சுருக்கொப்பம்.

"ரெண்டாந்தரமும் திருப்பின. மறுகா முத்திரை கட்டத்துக்கு வெளியால போயிற்றாம். வயல் வட்டைக்குள்ள பயிர் மஞ்சளாப் போய்க் கிடக்கு, தம்பி."

டிராகன் இன்னொரு தடவை ஊதக்கூடாதா என்றிருந்தது.

மறுநாள் கந்தோர் திறந்ததும் ஒரு மணித்தியாலத்தில் அந்த அனுமதியைக் கையெழுத்தாக்கி அனுப்பினேன், நீல மையிலேயே. ஆனால் பசளை போடும் காலம் தப்பிவிட்டது. அந்தப் போகம் மாமாவுக்குப் பாதி விளைச்சல்தான். சம்பந்தப் பேச்சு நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து யோகன் என் மேசையில் ஒரு தாளை வைத்தான். மலரின் எழுத்து. என் படிவத்தை அச்சுப் பிசகாமல் பிரதி செய்து, தலைப்பை மட்டும் மாற்றியிருந்தாள்: 'கலியாணம் முடிப்பதற்கான விண்ணப்பம்.' சிபாரிசு செய்ய வேண்டியவர்: தாய்மாமன்.

மூன்று பிரதிகளில் நிரப்பிக்கொண்டு, கறுத்தப்பாலம் சென்றியில் வரிசையில் நின்று, கரடியனாற்றுக்குப் போனேன். "முத்திரை இல்ல," என்று மாமா திருப்பினார். இரண்டாம் முறை, "மை கொஞ்சம் நீலமாத் தெரியிது." மூன்றாம் முறை சோறு தந்து கையொப்பம் வைத்தார். மலர் கடைசிக் கட்டத்தை நிரப்பினாள்: 'அனுமதிக்கப்பட்டது. விண்ணப்பதாரி சட்டம் பேசும் ஒவ்வொரு முறையும் இரண்டு உயிர்ப்புள்ளி கழியும்.'

அந்தத் தாள் எங்கள் கலியாண அல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. இன்றைக்கும் யாருக்காவது பென்சன் படிவம் நிரப்புவது எப்படி என்று நான் விளக்கத் தொடங்கினால், குசினியிலிருந்து "ரெண்டு!" என்று ஒரு சத்தம் வரும். வந்திருக்கிற சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்து, "ரெண்டு!" என்பார்கள்.

மலரின் கணக்குப்படி நான் கலியாணம் முடித்த முதல் வாரமே செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் மாமி இருந்த வரைக்கும், அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு தேத்தண்ணியோடு வந்து என் பக்கத்தில் வைப்பார். "குடிங்க மகன்," என்பார். "எனக்கு அனுமதி தேவையில்லதானே?"