ஓடுகிற ஐந்து பேர்

"திரும்பாதீங்கம்மா!" என்று கோவர்த்தனன் கத்தியது தப்பு. அதுவரை இடுப்பில் குடத்தோடு நேராகப் போய்க்கொண்டிருந்த செங்கம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். குடிபாலா கிராமத்துக் கிணற்றடியில் ஒரு மண்குடம் குறைந்தது.

அவன் உத்தேசம் நல்லதுதான். சித்தூர்க் கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைக்கும் அவனுக்கு, மதராஸ் கார்ட்டூன் படக் கம்பெனியில் வேலை கிடைக்கலாம். நடப்பவர், குனிபவர், சுமப்பவர், ஓடுபவர் என்று முப்பது படம் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் அரை நிமிஷத்தில் போட்டதாக இருக்க வேண்டும். மூக்கு, முழி வேண்டாம். முதுகின் வளைவும் முழங்கால் மடிப்பும் போதும். இன்றைய சாயங்காலத் தபால்தான் கடைசி.

"இன்னாத்த எழுதிக்கினு கீறே?" என்று செங்கம்மா இடுப்பில் கைவைத்தாள்.

"நீங்க நடக்கறதைத்தாம்மா."

அதுவும் தப்பு. அது எல்லை பிரிக்கிற வருஷம். ஊர் ஆந்திராவோடு இருப்பதா, மதராஸோடு போவதா என்று பார்க்க, யார் யாரோ நோட்டும் கையுமாக வந்து, வீட்டில் என்ன பாஷை என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

"இப்ப நடையை வச்சே தமிழா தெலுங்கான்னு கண்டுபுடிக்கிறாங்களாம்டி!" என்று செங்கம்மா கிணற்றடிப் பெண்களைப் பார்த்துக் கத்தினாள்.

கால்மணி நேரத்தில் தெருவே நடந்தது. தமிழ் வீட்டார் மார்பை நிமிர்த்திக் கை வீசி நடந்தார்கள். தெலுங்கு வீட்டார் துண்டை உதறித் தோளில் போட்டு, அதைவிட நிமிர்ந்து நடந்தார்கள். மனுஷர் மாதிரி ஒருத்தரும் நடக்கவில்லை. அம்மா தமிழ், அப்பா தெலுங்கு என்றிருந்த ரங்கையா மட்டும், எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

கோவர்த்தனன் நோட்டைத் திறந்து காட்டினான். "நான் ஆபீசர் இல்லீங்க. பொம்மைப் படத்துக்கு வரையறேன். பாருங்க."

"இதுவா நானு? மூஞ்சி எங்க?" என்றாள் செங்கம்மா.

"மூஞ்சி வேணாம்மா."

"கொடத்தையும் ஒடச்சிட்டு, மூஞ்சியும் வேணான்றியே!"

ஊர் சிரித்தது. உதவி செய்யவும் ஒத்துக்கொண்டது. அதுதான் பெரிய ஆபத்து. குனியச் சொன்னால் குனிந்தபடி அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். எப்படியோ இருபத்தைந்து தேறியது. ஓடுகிற ஐந்து பேர் பாக்கி. ரங்கையா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போல ஓடிக் காட்டினார்.

"நடிக்கிறீங்க, ரங்கையா. நெசமா ஓடணும். உசுரே போவறாப்ல ஓடணும்."

"அப்டியா?" என்ற ரங்கையா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊருக்குள் போய்விட்டார். நாலைந்து பேரும் பின்னாலேயே போனார்கள்.

கோபித்துக்கொண்டார்களோ என்று கோவர்த்தனன் கவலையோடு பென்சிலைச் சீவினான். பாதி சீவுவதற்குள் கூச்சல் கிளம்பியது.

"வாண்ணி பட்டுகோண்டி! புடிங்க அவனை! நம்ம ஊரை மாத்தி எழுதிட்டான்!"

முன்னால் ரங்கையா, கையில் தடி. பக்கத்தில் செங்கம்மா, கையில் துடைப்பம். பின்னால் பதினைந்து பேர்.

கோவர்த்தனன் எடுத்தான் ஓட்டம். கடலைக்கொல்லை, வரப்பு, ஓடை எல்லாம் பின்னால் போயின. வேலூர் ரோட்டுப் புளியமரத்தடியில் மூச்சு முட்டி விழுந்தான்.

எல்லோரும் சுற்றிவந்து, முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார்கள். ஒருவரும் அடிக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் படம் போடறவன்னு எத்தினி வாட்டி சொல்றது? ஏன் தொரத்துனீங்க? நேராச் சொல்லிடுங்க!"

"அதான் அப்பவே நம்பிட்டோமே," என்றார் ரங்கையா. "சும்மா ஓடுன்னா எப்டி நைனா ஓடறது? தொரத்த ஒரு ஆள் வேணாமா? நீ கேட்டாப்ல நாங்க நெசமாவே ஓடினோம். நீ ஏன் படம் போடாம ஓடிப்பூட்டே?"