பலகைக்கு நடுவே நீ போட்ட வழி

அன்பு மகளுக்கு, பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

ஆற்றுப் பாலம் உடைந்து, சர்க்கஸ் ஒட்டகம் கடைத்தெருவுக்குள் புகுந்த வருஷத்தில்தான் உன் தாத்தா கடையை நடுவில் பலகை அடித்துப் பிரித்தோம். ஒரு பாதியில் நான், தையல் மெஷின் ரிப்பேர். மறு பாதியில் உன் அப்பன், மோட்டார் ரிப்பேர். தாத்தா உட்கார்ந்த முக்காலி யாருக்கு என்பதுதான் சண்டை. அன்னைக்கு நின்ன பேச்சு நின்னதுதான்.

போன வருஷம் நீ ரெண்டு கடைக்கும் சேர்த்து நெட்டில் ஒரே தளம் போட்டே, அதுல ஆளுக்கொரு பக்கம். எவன் தேடினாலும் வேற ஊர்க் கடைதான் முதல்ல வந்துச்சு. நானும் கடையைப் பூட்டிடலாம்னு சாவியைத் துடைச்சு வெச்சிருந்தேன். "ஒரு பக்கத்துலேருந்து இன்னொண்ணுக்கு வழி வேணும் பெரியப்பா, இல்லேன்னா தேடுறவங்க கண்ணுல படாம அநாதையாக் கிடக்கும்"னே. என்கிட்டேருந்து அவனுக்கு வழியா, நான் போனப்புறம் போட்டுக்கோன்னு கத்தினேன்.

நீ கேக்கலை. நல்லவேளை கேக்கலை. என் பக்கத்துல "மெஷின் மோட்டார் புகைகிறதா?"ன்னு எழுதி, தொட்டா உன் அப்பன் பக்கம் திறக்கிற மாதிரி வெச்சுட்டே. அவன் பக்கத்துல "பெல்ட் அறுந்ததா?"ன்னு எழுதி என்கிட்ட அனுப்பிட்டே. எனக்குத்தான் எழுத்து வாசனையே கிடையாதே, எப்படித் தெரியும்? இப்பத் தேடினா நாமதான் முதல்ல வர்றோமாம், சலூன்காரர் சொன்னார். ஆளும் வந்துச்சு. ஒரு தையல்காரம்மா மெஷினை இடுப்புல வெச்சுக்கிட்டு, "மோட்டார் புகையுது, தம்பிகிட்ட போகச் சொல்லி நீங்கதானே போட்டிருக்கீங்க"ங்குது. வெளியே போய் அந்த வாசல் வழியா வாங்கம்மான்னேன். "போன்ல வழி இருக்கு, கடையில இல்லையா?"ன்னுச்சு. வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. பலகையைத் தட்டி, "டேய், ஆள் வந்திருக்கு"ன்னேன். அங்கே ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்த சத்தம். அப்புறம், "வரச் சொல்லு." (எழுதுறவன் மூக்கை உறிஞ்சுறான். ஜலதோஷமாம்.)

ஒரு பலகையைக் கழட்டியாச்சு. முக்காலி நடுவுல கிடக்கு, வர்றவங்க உட்காருறாங்க. நீ மகராசியா இருக்கணும். அன்னைக்குப் பலகை அடிச்ச தச்சர், தடுத்துப் பார்த்த உன் அத்தை, வேடிக்கை பார்த்த சலூன்காரரோட அப்பா, எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. என்னை அண்ணேன்னு கூப்பிட மிச்சம் இருக்கிறது உன் அப்பன் ஒருத்தன்தான்.

ஆசிகளுடன்,
பெரியப்பா

பின்குறிப்பு: மகளே, இதை எழுதினது அப்பாதான். பெரியப்பா சொன்னதை அப்படியே நம்பாதே. முக்காலி என்னோடது. எனக்கு ஜலதோஷமும் இல்லை. அவர் அன்னைக்கு "டேய்"னு கூப்பிடவே இல்லை. "தம்பி"ன்னார். ஸ்க்ரூ டிரைவர் அதுக்குத்தான் விழுந்துச்சு.