எட்டாம் நிலையில் போஸ்ட்மாஸ்டர்

நெருப்புக்குப் பிறகு மனித குலம் கண்டுபிடித்த உருப்படியான ஒரே பொருள், முதியோருக்கான கணினி ஞாபகப் பயிற்சிதான் என்பது ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரின் தீர்மானமான கருத்து. போன மாதம்வரை சக்கரத்துக்கும் கொஞ்சம் மரியாதை கொடுத்துவந்தார். ஏழாம் நிலையை எட்டியதும் அதையும் கைவிட்டார்.

காய்கறிக் கடையில் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு, மனைவியை மறந்துவிட்டு வந்த அன்றுதான் பயிற்சியில் சேர்ந்தார்.

ஏழாம் நிலையை முடித்த மறுநாள் காலை மனைவிக்குக் கண் ஆபரேஷன். கொண்டுபோய் விடுவதற்கு அவள் தங்கை வந்திருந்தாள்.

“நாலு மணிக்கு வந்துடுங்க. ஒரு கண்ணைக் கட்டித்தான் அனுப்புவாங்களாம். கூட ஆள் வராம வெளியே விட மாட்டாங்க” என்றாள் மனைவி.

“யார்கிட்ட சொல்ற? ஏழாம் நிலை!”

“அந்த நிலைக்கு மணி பார்க்கத் தெரியுமா அத்தான்?” என்றாள் மைத்துனி.

பாமரர்களுக்குப் பதில் சொல்வது போஸ்ட்மாஸ்டரின் வழக்கமல்ல.

பிற்பகல், எட்டாம் நிலை திறந்தது. தலைப்பு: ‘அன்றாட வாழ்க்கை’. முதல் உத்தரவு: ‘கவனச் சிதறல்களை அகற்றவும்.’ காலமெல்லாம் சுற்றறிக்கைக்குப் பணிந்த கை, மறுக்குமா? கைப்பேசியை அணைத்து மேசை இழுப்பறைக்குள் பூட்டினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தார். ஜன்னலையும் சாத்தினார்.

திரையில் பன்னிரண்டு முகங்கள் வந்தன. யார், எத்தனை மணிக்கு, எங்கே போக வேண்டும் என்பதை மனத்தில் நிறுத்த வேண்டும். மீசைக்காரருக்கு மூன்றரைக்குப் பல் வைத்தியர். வழுக்கைக்காரருக்கு ஐந்துக்கு நீச்சல்.

‘நான்கு மணிக்கு யார், எங்கே காத்திருக்கிறார்?’

“பச்சைக் குடைக்காரி! நூலக வாசல்!” என்று நாற்காலியை விட்டு எழுந்தே கூவினார்.

திரையில் வாணவேடிக்கை. ‘அபார நினைவாற்றல்!’ இது தற்செயலல்ல என்று நிரூபிக்க இன்னொரு முறை ஆடினார். பிறகு இன்னொரு முறை.

கதவு தட்டப்பட்டபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒற்றைக் கண் கட்டோடு மனைவி. அவள் கையைப் பிடித்தபடி வேலையிலிருந்து நேரே ஓடிவந்த மைத்துனி.

“நர்ஸம்மா உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணாங்க தெரியுமா அத்தான்? கடைசியில எனக்குப் பண்ணாங்க.”

 போஸ்ட்மாஸ்டருக்குப் பெருமைதான் முந்திக்கொண்டது.

“எட்டாம் நிலை... பன்னிரண்டு பேர்ல ஒருத்தரைக்கூட விடலை...”

மனைவி கட்டில்லாத கண்ணால் திரையை நிதானமாகப் பார்த்தாள்.

“யாரு இவங்கல்லாம்?”

“யாருமில்ல. சும்மா படம்.”

“அப்படியா? பதிமூணாவதா என் படத்தையும் அதுல போடச் சொல்லுங்க.”